பெயர்த்தெழுதிக் காத்த மரபு: ஓலைச்சுவடி முதல் மின்னிலக்கக் காப்பகம் வரை

சங்க நூல்களுள் ஒன்றேனும் அதனைப் பாடிய புலவரின் கைப்பட்ட ஓலையில் இன்று கிடைத்திலது. திருவள்ளுவர் எழுதிய ஏட்டைக் கண்டார் எவரும் இலர். இளங்கோவடிகள் எழுதிய ஏட்டைக் கண்டாரும் இலர். கிடைத்திருப்பன எல்லாம் படிகள். படிகளைப் பார்த்து எழுதிய படிகள். நன்கு பதப்படுத்திய பனையோலையும் தமிழகத்தின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் செல்லுக்கும் தப்பி இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. அவ்வாறாயின், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுக்கூடம் வரை வந்து சேர்ந்தது எங்ஙனம்? ஏடு பழுதுறும் முன்னரே எவரோ ஒருவர் அதனைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதி வைத்தார். அவர் ஏடு பழுதுறும் முன்னர் இன்னொருவர் அவ்வாறே செய்தார். அச்சங்கிலி அறாமையால் நூல் பிழைத்தது.

ஓலைக்கும் தாளுக்கும் அடுத்து இக்காலத்தில் கணினி வந்துள்ளது. பழைய நூலைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் இனி அதற்கு அழிவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு காட்டுவது அதற்கு மாறானது. மின்னிலக்கப் படியின் வாழ்நாள் ஓலையின் வாழ்நாளினும் மிகக் குறுகியது. ஆதலால் பெயர்த்தெழுதும் கடமை ஓலைக் காலத்தைக் காட்டிலும் அடிக்கடி நேர்கிறது. அக்கடமையை எம்முறையில் ஆற்றுவது என்பதை ஒருவர்க்கொருவர் சொல்லிக் கொடுத்த இடங்களில் நூல்கள் வாழ்ந்தன. சொல்லாமல் விட்ட இடங்களில் மறைந்தன. இவ்வுண்மை ஓலைக்கும் பொருந்தும், கணினிக்கும் பொருந்தும்.

எண்ணி வைத்த முன்னோர்

பண்டைத் தமிழர் நூல்களைத் தொகுத்தபோது அவற்றை எண்ணியும் வைத்தனர். அகநானூறு இதற்குச் சிறந்த சான்று. அதன் நானூறு பாடல்களில் 1, 3, 5 என ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத்திணை. 2, 8 என்னும் இலக்கங்களில் முடியும் எண்ணுடைய 80 பாடல்கள் குறிஞ்சி. 4-இல் முடிவன 40 பாடல்கள் முல்லை. 6-இல் முடிவன 40 பாடல்கள் மருதம். 10, 20, 30 எனப் பத்தாம் எண்ணாக வருவன 40 பாடல்கள் நெய்தல். தொகுத்தவர் கருத்து எதுவாயினும், இவ்வடைவால் விளைந்த பயன் ஒன்று உண்டு. ஏடெழுதுவோன் கைதவறி ஒரு பாடலை விட்டுவிட்டால், அடுத்துவரும் எண்களில் திணை முறை மாறி நிற்கும். பாலை நிற்க வேண்டிய இடத்தில் குறிஞ்சி நிற்கக் கண்டால், குறை எங்கே நேர்ந்தது என்பதைப் படிப்பவர் உடனே அறிந்துகொள்வர்.

மேலும், தொகை நூல்களின் இறுதியில் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார், பாடல்களின் அடியளவு யாது என்னும் குறிப்புகள் எழுதப்பட்டன. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழான் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. அடியளவு 13 முதல் 31 வரை. நற்றிணைக்கு 9 முதல் 12 அடி; குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி. இன்று கிடைக்கும் குறுந்தொகையில் 401 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 307-ஆம் பாடலும் 391-ஆம் பாடலும் 9 அடி உடையன. இவற்றைப் பற்றி அறிஞர்க்கு ஐயம் எழுந்ததற்குக் காரணம், அடியளவும் தொகையும் முன்னரே குறித்து வைக்கப்பட்டிருந்தமையே ஆகும்.

அவ்வாறே, பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130-ஆம் பாடல்கள் இல்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை. நற்றிணையில் 234-ஆம் பாடல் இல்லை. இவை தொலைந்தன என்று திட்டமாகச் சொல்ல முடிவதே முன்னோர் எண்ணி வைத்ததன் பயன். எண்ணி வையாத நூல் குறைந்தால், குறைந்ததும் தெரியாது. இன்றைய காப்பகக் கலையில் பெரிதாகப் பேசப்படும் விவரக்குறிப்பு, சரிபார்ப்பு என்னும் இரண்டும் தமிழர்க்குப் புதியன அல்ல.

முறை மறந்த காலம்

பெயர்த்தெழுதும் தொழில் திண்ணைப் பள்ளிகளிலும் மடங்களிலும் கைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. ஓலையை வாரிப் பதப்படுத்துதல், எழுத்தாணி பிடித்தல், எழுதிய ஏட்டிற்கு மையாடுதல், சட்டமிட்டுக் கட்டுதல் என ஒவ்வொன்றிற்கும் முறை உண்டு. சிதைந்த ஏட்டைப் புத்தேட்டில் பெயர்த்து முடித்தபின் பழைய ஏட்டை ஆற்றிலோ தீயிலோ விடுவதும் வழக்கமாயிற்று. படி எடுத்தபின் பழையதை நீக்குதல் இதன் கருத்து.

காலப்போக்கில் முறையின் ஒரு பாதி மறந்தது, மறுபாதி நின்றது. பெயர்த்தெழுதுவோர் குறைந்தனர், பழைய ஏட்டை நீக்கும் சடங்கு மட்டும் தொடர்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர், அங்கிருந்த பழைய ஏடுகள் ஓமத் தீயில் இடப்பட்ட செய்தியைக் கேட்டு வருந்தியதைத் தம் எழுத்துகளில் பதிவு செய்துள்ளார். அங்கு ஏடுகளை எரித்தவர் தமிழுக்குப் பகைவர் அல்லர். விதிப்படி நடப்பதாகவே அவர்கள் எண்ணினர். விதியின் முற்பகுதியைச் சொல்லிக் கொடுப்பார் இல்லாமற் போனதே தீங்காயிற்று.

இந்நிலையிலேதான் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் தோன்றினர். தாமோதரம் பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும் கலித்தொகையை 1887-லும் பதிப்பித்தார். சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-லும் புறநானூற்றை 1894-லும் ஐங்குறுநூற்றை 1903-லும் பதிற்றுப்பத்தை 1904-லும் வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று பல படிகளைத் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் குறித்து அவர்கள் பதிப்பித்தனர். ஒரே ஏட்டை நம்பிப் பதிப்பிக்க முடியாது என்பதையும், பல ஊர்களில் பல படிகள் இருந்தமையாலேயே உண்மைப் பாடம் காண முடிந்தது என்பதையும் அவர்களது பணி காட்டிற்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்காமல், பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட சில பாடல்களாக மட்டும் எஞ்சியிருப்பது, படிகள் அருகிப்போன நூலுக்கு நேரும் நிலையைக் காட்டும்.

தாளுக்கும் இவ்விதியே. 1981-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்தவற்றைப் பின்னர் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு படி இல்லாதவை மீளவே இல்லை.

பதினைந்தே ஆண்டில் மங்கிய நூல்

மின்னிலக்கப் பொருள் எத்துணை விரைவில் படிக்க இயலாததாகிவிடும் என்பதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உலகறிந்த சான்றாகும். 1086-ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து எழுதுவித்த நூல் 'டூம்ஸ்டே புத்தகம்' எனப்படும். பதப்படுத்திய ஆட்டுத்தோலில் எழுதப்பட்ட அந்நூல் இன்றும் இலண்டனில் உள்ளது. பயின்றோர் இன்றும் அதனைப் படிக்கின்றனர். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் புதிய டூம்ஸ்டே தொகுதியை உருவாக்கியது. பள்ளி மாணவர் உள்ளிட்ட பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். எழுத்தும் படமும் இரு லேசர் தட்டுகளில் ஏற்றப்பட்டன. அத்தட்டைப் படிக்கத் தனிக் கருவியும் தனிக் கணினியும் வேண்டியிருந்தன.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அருகிப்போயின. தட்டு கெடவில்லை, அதனைப் படிக்கும் வழி அடைபட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய கணினியின் செயலைப் புதிய கணினியில் போலச்செய்து காட்டி, 2002-இல் அதனைத் திறக்க முடியும் என்று மெய்ப்பித்தனர். 2011-இல் பி.பி.சி. அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டது. தோலேடு தொள்ளாயிரம் ஆண்டு நின்றதும், மின்னேடு பதினைந்து ஆண்டில் தடுமாறியதும் ஒரு பாடம் புகட்டின. பொருளைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது. திறவுகோலையும் உடன்வைத்தல் வேண்டும்.

இத்தகைய நிகழ்ச்சிகளால் உலக அறிஞர்கள் விழிப்புற்றனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1999-இல் 'லாக்ஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பல படிகள் இருப்பின் பொருள் காக்கப்படும் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அப்பெயராயின. 2003-இல் யுனெஸ்கோ மின்னிலக்க மரபுச்செல்வத்தைக் காப்பதற்கான சாசனத்தை ஏற்றது. தாமோதரம் பிள்ளை காலத்தில் ஏடு தேடியோர் பட்டறிந்ததை உலகம் புதிய பெயரால் மீண்டும் கற்றது எனலாம்.

எழுத்துருக்களின் காலம்

தமிழுக்கு இத்தொல்லை இன்னொரு வகையிலும் வந்தது. கணினி எழுத்தை எழுத்தாக வைப்பதில்லை, எண்ணாகவே வைக்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். அக்காலத்துக் கணினியில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்குப் போக, எஞ்சிய 128 இடங்களில் தமிழை அடக்க வேண்டியிருந்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியே அங்கு வைக்க இயலாது. ஆகவே ஒற்றைக்கொம்பு, துணைக்கால் முதலியவற்றைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து வைத்தனர். எந்த உறுப்பை எந்த எண்ணில் வைப்பது என்பதில் எழுத்துருச் செய்தவர் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நடந்தனர். ஓர் எழுத்துருவில் 'க' என்று தெரிந்தது இன்னோர் எழுத்துருவில் வேறெழுத்தாகத் தெரிந்தது. இதழ்களும் பதிப்பகங்களும் தத்தம் எழுத்துருவில் அச்சிட்டுக் கோப்புகளைக் குவித்தன. அவ்வெழுத்துரு மறைந்தால் கோப்பு இருந்தும் பயனில்லை.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சிறப்பான இடமுண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் முறையை உருவாக்கி, 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தாங்கிய இணையப் பக்கத்தில் தமிழ் இடம்பெற வழிவகுத்தார். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் 'முரசு அஞ்சல்' உலகத் தமிழரிடையே மின்னஞ்சலைப் பரப்பியது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் பல நாட்டு அறிஞர்கள் நேரிற் சந்தித்துப் பொதுக் குறியேற்றத்தின் தேவையை ஆராய்ந்தனர். அதனையொட்டி மின்னஞ்சல் வழியே நிகழ்ந்த நீண்ட விவாதத்தின் பயனாக 'திஸ்கி' என்னும் குறியேற்றம் உருப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டிற்குப் பின் தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியேற்றங்களை அறிவித்தது. 2000-இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001-இல் கோலாலம்பூர் அடுத்த மாநாட்டை நடத்திற்று.

இவற்றிற்கிடையே, உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண்களை வகுக்கும் ஒருங்குறி என்னும் யூனிகோடு 1991-லேயே தமிழுக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. கணினிகளும் கைப்பேசிகளும் அதனை ஏற்றபின் அதுவே நிலைத்தது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் தமிழ் தன் எழுத்து முறையைக் கணினியில் மூன்று நான்கு தடவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் முன்னையவற்றைப் பெயர்த்தெழுத வேண்டியிருந்தது.

'வெளி' சிதைந்த வரலாறு

இப்பெயர்ப்பு எளிதன்று என்பதற்கு ஒரு சொல்லே போதும். பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கப்பட்டன. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று துண்டுகளாக நின்றது. ஒருங்குறியிலோ ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் நிற்கும். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய இலக்கணத்திற்கு இவ்வரிசையே இயைந்தது. எனவே பெயர்ப்புக் கருவி துண்டுகளை எடுத்து வரிசை மாற்றிக் கோத்தல் வேண்டும்.

'வெளி' என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம், மேல்விலங்கு என்னும் நான்கும் அடுத்தடுத்து வரும். ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகர வடிவமே ஆதலால், கருவி முதல் மூன்றையும் சேர்த்து 'வௌ' என ஒரே எழுத்தாகக் கொண்டுவிடுகிறது. மேல்விலங்கு பற்றுவதற்கு மெய்யின்றித் தனியே தொங்குகிறது. கண்ணுக்கு ஏறத்தாழ 'வெளி' போலவே தோன்றும். ஆயினும் கணினியில் 'வெளி' என்று தேடினால் அச்சொல் அகப்படாது. மறுபுறம், 'வௌவால்' என்று இருக்க வேண்டியது வகரத்தின் எகரமும் ளகரமுமாகப் பிரிந்து 'வெளவால்' ஆகிறது; 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிறது. இணையத்தில் உள்ள தமிழ் நூல்களில் இவ்விருவகைப் பிழைகளும் இன்றும் காணப்படுகின்றன.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் இதனைக் கண்டால் வியப்படையார். ஏட்டில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை; எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியா; ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நிற்கும். எது ரகரம், எது கால் என்பதைப் பொருள் உணர்ந்தவரே தேர்ந்து கொள்ள முடிந்தது. இன்றும் அங்ஙனமே. கருவி பெயர்த்துக் கொடுக்கும். தமிழ் அறிந்தவர் ஒப்புநோக்கித் திருத்தினால் அன்றி அது நூலாகாது. தமிழாசிரியர்க்கு இத்துறையில் உள்ள பங்கு இங்கே விளங்கும்.

கூடிச் செய்த பணிகள்

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பட்டது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் அதனை முன்நின்று நடத்தினர். பல நாடுகளில் இருந்த தொண்டர்கள் ஊதியம் பெறாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதினர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். தொடக்கத்தில் 'இணைமதி', 'மயிலை' என்னும் எழுத்துருக்களில் வெளிவந்த நூல்கள் பின்னர் திஸ்கிக்கும், அதன்பின் ஒருங்குறிக்கும் பெயர்க்கப்பட்டன. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார், எந்தக் குறியேற்றம் என்பன குறிக்கப்பட்டன. அத்தலைப்பை நீக்காமல் எவரும் நூலைப் படியெடுத்துப் பரப்பலாம் என்றும் இசைவு தரப்பட்டது. சங்கத் தொகைகளின் இறுதியில் தொகுத்தார் பெயரும் தொகுப்பித்தார் பெயரும் நின்றது போன்றதே இது. படியெடுக்கத் தடையில்லாமையால் நூல்கள் பல நாடுகளுக்கும் பரவின. குறியேற்றம் குறிக்கப்பட்டிருந்தமையால் அவற்றைப் பெயர்ப்பதும் இயன்றது.

இலங்கையில் 2005-இல் 'நூலகம்' என்னும் திட்டம் தோன்றியது. போரும் இடப்பெயர்வும் நூல்களைச் சிதறடித்த நாட்டில், தனியார் வீடுகளிலும் வெளிநாடுகளிலும் எஞ்சியிருந்த நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து, தொண்டர்கள் கூடித் தொகுக்கும் வகையில் இணையத்தில் வைத்தது அத்திட்டம். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் வரலாறும் கருதத்தக்கது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் விளம்பரத் தாள்களும், அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் துணையால் காக்கப்பட்டு, 1994-இல் நூலகமாயின. அங்கு முதலில் நுண்படச் சுருளிலும் பின்னர் மின்னிலக்க முறையிலும் படி எடுக்கப்பட்டது.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் பழைய செய்தித்தாள்களை மின்னிலக்கமாக்கி இணையத்தில் வைத்துள்ளது. 1887-இல் தோன்றிய 'சிங்கை நேசன்' இதழையும் 1935-இல் தோன்றிய 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய தாள்களையும் இன்று மாணவரும் புரட்டிப் பார்க்கலாம். 2013-இல் அருண் மகிழ்நன் தலைமையில் தொடங்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், நாட்டின் 50-ஆம் ஆண்டு நிறைவான 2015-இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மின்னிலக்க வடிவில் நாட்டுக்கு அளித்தது. சமூகத் தொண்டர்களும் பொது நிறுவனங்களும் இணைந்து ஆற்றிய பணி இது.

காக்கும் முறை

இப்பணிகளின் பட்டறிவிலிருந்து ஒரு பொது நடைமுறை உருவாகியுள்ளது. ஒரு தமிழ்ப்பள்ளியோ நூலகமோ சங்கமோ தன் பழைய மலர்களையும் அறிக்கைகளையும் காக்க விரும்பின் இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பட்டியல். எவை உள்ளன, எந்த ஆண்டின, எத்தனை பக்கம், எந்த இதழ் இல்லை என்பவற்றைப் படமெடுக்கும் முன்னரே எழுதிவிடல் வேண்டும். இல்லாதவற்றையும் குறித்தல் முதன்மையானது.

இரண்டாவது, படமெடுத்தல். பக்கங்களை அங்குலத்திற்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் வண்ணத்தில் எடுத்து, சுருக்கப்படாத மூலக்கோப்பாக வைத்தல் வேண்டும். படிப்பதற்கென்று சிறிய கோப்பைத் தனியே செய்துகொள்ளலாம். மூலத்தைத் தொடுதல் ஆகாது. மேலட்டையையும் விளம்பரங்களையும் வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுத்தல் நன்று. அரை நூற்றாண்டுக்குப் பின் வரலாற்றாசிரியர் விளம்பரத்தையே முதலில் தேடக்கூடும்.

மூன்றாவது, பெயரும் விவரமும். கோப்பின் பெயரில் ஆண்டும் இதழின் பெயரும் பக்க எண்ணும் ஒரே ஒழுங்கில் அமைதல் வேண்டும். ஆசிரியர், வெளியிட்டோர், அச்சிட்ட ஊர், மூலப்படி யாரிடம் உள்ளது, படமெடுத்தவர் யார், எந்நாளில் என்பவற்றை எளிய எழுத்துக் கோப்பில் ஒருங்குறியில் எழுதி உடன்வைத்தல் வேண்டும்.

நான்காவது, சரிபார்ப்பு எண். ஒரு கோப்பைக் கணக்கிட்டு அதற்குரிய நீண்ட குறி ஒன்றைக் கணினி தரும். கோப்பில் ஒரு புள்ளி மாறினும் அக்குறி முற்றும் மாறிவிடும். அகநானூற்றின் திணை அடைவு விடுபட்ட பாடலைக் காட்டுவது போல, இக்குறி சிதைந்த கோப்பைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிபோர்னியா மின்னிலக்க நூலகமும் வகுத்த 'பேக்இட்' என்னும் முறை, கோப்புகளையும் அவற்றின் பட்டியலையும் சரிபார்ப்பு எண்களையும் ஒரே கட்டாகக் கட்டிவைக்க வழிகாட்டுகிறது. அது 2018-இல் இணையத்தின் பொதுக் குறிப்பேடுகளுள் ஒன்றாகவும் வெளியிடப்பட்டது.

ஐந்தாவது, மூன்று படி. ஒரு பொருளுக்கு மூன்று படிகள். அவை இருவகைப் பொருள்களில். அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது யாவரும் ஒப்பும் நெறி. ஒரே அலமாரியில் மூன்று தட்டுகளை வைப்பது மூன்று படி ஆகாது. வெள்ளமும் தீயும் மூன்றையும் ஒருங்கே கொண்டுபோகும்.

ஆறாவது, ஆண்டுக்கொரு முறை திறந்து பார்த்தல். சரிபார்ப்பு எண்ணை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுதல், கெட்டதை நல்ல படியிலிருந்து மாற்றுதல், ஐந்தாண்டுக்கொரு முறை புதிய தட்டுக்குப் பெயர்த்தல் ஆகியன இதில் அடங்கும். கோப்பின் வடிவம் வழக்கொழியும் அறிகுறி தோன்றின், படிக்கும் கருவி இருக்கும்போதே புதிய வடிவிற்குப் பெயர்த்துவிடல் வேண்டும்.

இவற்றோடு உரிமை பற்றியும் கருதுதல் வேண்டும். நூலாசிரியர் மறைந்து மலேசியாவில் 50 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்கும். ஆசிரியரும் அவர் குடும்பத்தாரும் அறியக்கூடிய நிலையில் இருக்கும்போதே எழுத்து வடிவில் இசைவு பெற்றுக் காப்பகத்தில் வைத்தல் எளிது. பின்னர் உரியவரைத் தேடுவது அரிதாகும்.

இறுதியாக வருவதும் தலையாயதும் ஒன்றுண்டு. மேற்கூறியவற்றை எங்ஙனம் செய்தனர் என்பதைச் செய்தவரே எழுதிவைத்தல் வேண்டும். ஓர் ஆசிரியர் ஆர்வத்தோடு செய்த பணி அவர் வேறு பள்ளிக்கு மாற்றலானதும் நின்றுபோவது உண்டு. கடவுச்சொல் அவரிடம், கோப்பு முறை அவர் நினைவில் என்றிருந்தால், அடுத்து வருபவர் புதிதாகத் தொடங்க நேரும். அல்லது பழையதைக் குப்பை என்று கருதி நீக்கிவிடுவர். இரண்டு பக்கத்தில் எழுதிய நடைமுறைக் குறிப்பு அவ்விழப்பைத் தடுக்கும். அதனைப் பக்கத்துப் பள்ளிக்கும் கொடுத்தால், அங்கும் ஒரு காப்பகம் தோன்றும். இரு பள்ளிகளும் ஒன்றன் படியை மற்றொன்றில் வைத்துக்கொள்ளலாம்.

இந்நாட்டார் கடன்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் வாழ்வின் வரலாறு பெரும்பாலும் சிறு வெளியீடுகளில் சிதறிக் கிடக்கிறது. தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், மன்றங்களின் சிறப்பிதழ்கள், தொழிற்சங்கக் கிளைகளின் அறிக்கைகள், கோயில் குடமுழுக்கு மலர்கள், கையெழுத்து இதழ்கள் ஆகியவை பெரிய நூலகங்களின் அடுக்குகளை எட்டாமலே போவதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அவற்றுள் பலவும் பெட்டிகளிலேயே தங்கிவிட்டன. 1990-ஆம் ஆண்டுகளுக்குப் பின் கணினியில் அச்சுக்கோத்த மலர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாள் இருக்கும்; கோப்பு நெகிழ்வட்டிலோ குறுந்தட்டிலோ இருக்கும்; அதைத் திறக்கும் கணினியும் எழுத்துருவும் இரா. மிகப் பழைய மலரினும் இருபது ஆண்டுக்கு முற்பட்ட மலரே முதலில் மறையக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

அத்தகைய தட்டுகள் எந்தப் பள்ளியிலேனும் சங்கத்திலேனும் இருப்பின் அவற்றை முதலில் எடுத்துப் பெயர்த்தல் வேண்டும். எழுத்துருவின் கோப்பு கிடைப்பின் அதனையும் உடன் காத்தல் வேண்டும். ஒருங்குறிக்குப் பெயர்த்தபின், தமிழ் நன்கறிந்த ஒருவர் அச்சுத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்துதல் வேண்டும். உயர்வகுப்பு மாணவர்க்கு இதனினும் நல்ல மொழிப்பயிற்சி வாய்ப்பது அரிது. பாட வேறுபாடு என்பது யாது, பதிப்பாசிரியர் பணி யாது என்பவற்றை அவர்கள் கைப்பழக்கத்தாலேயே உணர்வர்.

ஏட்டைப் பெயர்த்தெழுதிய எண்ணற்றோரின் பெயர்கள் இன்று தெரியவில்லை. அவர்கள் கொண்டுவந்து சேர்த்த நூல்களே வகுப்பறைகளில் பாடமாகின்றன. மின்னிலக்க ஏட்டைப் பெயர்ப்போர் நூற்றாண்டுக்கு ஒரு முறை தோன்றினால் போதாது. பள்ளிதோறும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தோன்றல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. எண்ணி வைத்தல், மூன்றிடத்தில் வைத்தல், காலந்தோறும் திறந்து பார்த்தல், செய்முறையை அடுத்தவர்க்கு எழுதிக் கொடுத்தல் என்னும் நான்கும் தவறாமல் நிகழின், இந்நாட்டுத் தமிழரின் எழுத்து அடுத்த நூற்றாண்டினர் கையிலும் இருக்கும்.